வாழைத்தோட்ட வாசலில் ஒரு வாளி

நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலையில் இரண்டு பக்கமும் என்ன சொன்னார்கள் என்பது நன்றாகவே புரியும். என்ன நடக்கிறது என்பதுதான் கடைசிவரை புரியாது. மாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவில், டாக்டருக்கும் காது கேட்காத அப்பாவுக்கும் நடுவில் நின்று பேச்சு வாங்கியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் படுகிற பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

பழனிசெட்டிபட்டியில் சும்மா இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். வெளிநாட்டு விவசாயிகளை அழைத்துவரும் ஒரு பயிற்சி மையம் தேனியிலிருந்து மொழிபெயர்க்கக் கூப்பிட்டது. வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிற திட்டமாம். நாம் சொல்வோம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதானே என்று நினைத்துப் போனேன். அட, அவ்வளவு இல்லை.

சோறு எது, தொட்டுக்க எது?

மையத்துக்கு முன்னோடி விவசாயி ஜெயமங்கலம் சுருளிவேல் அண்ணன். யார் வந்தாலும் அவருடைய நாலு ஏக்கர் வாழைக்குத்தான் கூட்டிப்போவோம். அன்றைக்கு உகாண்டாவிலிருந்து ஐந்து பேர். அதில் மூத்தவர் ரூத் அம்மா, ஐம்பது வயதிருக்கும், அங்கே அவரும் வாழைதான் போடுகிறார்.

சாப்பிடாமல் தோட்டத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அண்ணன் மனைவி பேச்சியம்மா மதினியின் சட்டம். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். ரூத் அம்மா சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பொரியலை மூன்று தடவை வாங்கினார். பிறகு என்னிடம் மெதுவாக, "சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஏன் இவ்வளவு கொஞ்சமாக வைக்கிறார்கள்?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் வாழைக்காயை இலையில் கட்டி அவித்து மசித்தால் அதுதான் சாப்பாடு. அரிசி தொட்டுக்கொள்ள. இதை மதினிக்குச் சொன்னேன். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"வெஞ்சனத்தையே சோறாத் தின்னா, சோத்தை எதுக்கு டீச்சர் தொட்டுக்குறாக?"

வாளி

தோட்டத்து வரப்பில் எல்லோரும் இறங்கியாயிற்று. ரூத் அம்மா மட்டும் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் கேட்டார். கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். கேட்டதும் சுருளிவேல் அண்ணனுக்கு நெஞ்சு விம்மிவிட்டது. "பாத்தியா, நம்ம கோயிலுக்குப் போற மாதிரி நினைக்கிறாக!" என்றார். மதினி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரே கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நானும் பரவசப்பட்டுப் போனேன்.

ரூத் அம்மா பூட்ஸை வாளியில் முக்கி எடுத்து விளக்கம் சொன்னார். என் ஊர் மண் இங்கே வரக்கூடாது, திரும்பும்போதும் கழுவுவேன், உங்கள் மண் என்னோடு வரக்கூடாது. இதை எப்படி மரியாதையாகச் சொல்வது? எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"எங்க மண்ணு என்ன தீட்டா டீச்சர், கழுவிட்டுப் போக?"

மேலத்தோட்டம்

இதற்கு முந்தின நாளே அண்ணன் எனக்குப் போன் செய்திருந்தார். "மேலத்தோட்டத்துப் பக்கம் மட்டும் யாரையும் விட்டுறாதீக டீச்சர். தேன்கூடு இருக்குன்னு சொல்லிருங்க" என்றார். அங்கே ஒரு மாதமாக இலை மஞ்சளாகித் தொங்குகிறது. அந்தச் சீக்கு கீழே இறங்கினால் நாலு ஏக்கரும் போச்சு. வெளியே தெரிந்தால் முன்னோடி விவசாயி என்ற பெயரும் போச்சு. அந்த மேலத்தோட்டத்துக் கன்றுகளைத்தான் தேவதானப்பட்டி பாண்டிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தோண்டி அடுக்கியும் வைத்தாயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது, சரி என்றுவிட்டேன்.

ரூத் அம்மா நான் சொன்ன தேன்கூட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நேராக அங்கேதான் போனார். வாடின மரத்தின் அடியைக் கீறினார். உள்ளே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "தண்ணி பத்தலைன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, என் செருப்பு நனைகிறது. அதில் நின்றுகொண்டே தண்ணீர் பத்தவில்லை என்று மொழிபெயர்த்தேன். அவர் பொய்யைச் சொல்வதா, கண்ணில் பார்ப்பதைச் சொல்வதா, என் வேலை எது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ரூத் அம்மா வாய்க்காலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கோபப்படவில்லை.

"நானும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மழை பத்தவில்லை என்றுதான் சொன்னேன்; என் தோட்டம் முழுவதையும் வெட்டிப் புதைத்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்."

அரிவாள்

பிறகு வகுப்பு தலைகீழாகிவிட்டது. ரூத் அம்மா கேட்கிறார், அண்ணன் பதில் சொல்கிறார், நான் நடுவில் முழிக்கிறேன். இலை அறுக்கிற அரிவாள் யாருடையது? அறுக்க வருகிற ஆட்களுடையது. காலையில் இந்தத் தோட்டம், மத்தியானம் வேறு தோட்டம், சாயங்காலம் இன்னொன்று. அரிவாள் ஒன்றுதான்.

"எங்கள் நோயும் இதுவும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கத்தி, கால், கன்று மூன்றையும் தோட்டம் விட்டுத் தோட்டம் போக விடாதீர்கள்" என்றார் ரூத் அம்மா. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைத் தீயில் காட்டிக் காட்டித்தான் அவர்கள் வெட்டுகிறார்களாம். நீங்கள் எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டார். அண்ணனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"நாங்க மட்டும் என்ன, வருசந்தவறாம ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்கோம்ல?"

கன்று

வேனில் ஏறப்போகும்போது பாண்டியின் மினி லாரி வந்து நின்றது. காலெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "எங்கண்ணே கன்னு?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். கன்றுகள் கண் முன்னால் அடுக்கி இருக்கின்றன. அண்ணன் என்னைப் பார்த்தார். ஐயோ, இதையும் என்னைச் சொல்லச் சொல்வாரோ? தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்க்க எனக்குத் தெரியாது.

அவரே சொன்னார். "கன்னு இல்ல பாண்டி. மரத்துல சீக்கு விழுந்துருச்சு. ஒரு மாசமா மறைச்சுட்டேன். இதக் கொண்டுபோனா ஒன் தோட்டமும் போயிரும்." சொல்லிவிட்டு வாளியை நகர்த்தி அவன் காலடியில் வைத்தார். "காலைக் கழுவிட்டு வண்டில ஏறு." பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்ணே, ஒங்க மண்ணு என்ன தீட்டா?" என்றான். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ரூத் அம்மா மட்டும் என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை.

"ஆமாடா, இன்னைக்குத் தீட்டுத்தான், கழுவு!"

மறுநாள் மையத்தில் நீட்டிய படிவத்தில் கற்பித்த நாடு இந்தியா, கற்ற நாடு உகாண்டா என்று முன்கூட்டியே அச்சடித்திருந்ததால், யாரையும் குழப்ப வேண்டாமென்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, என் செருப்பைக் கழுவ ஒரு வாளி கேட்டேன்.