அத்தானின் ஞாயிற்றுக்கிழமைகள்

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அத்தான் கதிரையிலிருந்து எழுந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எதிரே, வெள்ளவத்தையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயும் தமையனும் இருந்தார்கள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணிக்குத்தான் வந்தார்கள். அக்கா விடிய எழும்பிச் செய்த ரோல்ஸும் கேக்கும் மேசையில் இருந்தன. சுவர் மணிக்கூடு ஒன்றரையைக் காட்டியதும், "குறை நினைக்காதேங்கோ, எனக்கு வத்தளை பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அத்தான். எங்கே பயணம் என்று அந்த அம்மா மரியாதைக்குத்தான் கேட்டார். சிநேகிதன் வீட்டுக்கு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஹெந்தளைக்கு. அங்க குஷ்டரோக ஆஸ்பத்திரியில இருக்கிறவைக்கு ஞாயிற்றுக்கிழமையில நகம் வெட்டி, ஷேவ் எடுத்து விடுறனான்" என்றார், சந்தைக்குப் போவதைச் சொல்வதுபோல. கடிக்க எடுத்த ரோல்ஸை அந்த அம்மா மெல்லத் தட்டில் திருப்பி வைத்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தார். அப்பா இறந்த பிறகு நானும் கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டில்தான் இருந்தேன். எனக்கு ஒரு சம்பந்தம் பேசுவதென்றால் தகப்பன் ஸ்தானத்தில் நின்று பேச வேண்டியவர் அவர். அவரோ ஒருமுறை, கூட வேலை செய்த ஒருவர் தந்துவிட்ட சாமான் பொதியைக் கொடுக்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே பிடிபட்டுவிட்டார். பொதியை வாங்கிய கிழவருக்கு விரல்களில் உணர்ச்சி இல்லை. தானே நகம் வெட்டப் போய்ச் சதையையும் வெட்டிக்கொள்வாராம். அத்தான் அன்று வெட்டிவிட்டார். மறு ஞாயிறும் போனார். அதற்குப் பிறகு அது கடவுள் தன்னை அழைத்த வேலை என்று சொல்லத் தொடங்கினார். "கடவுள் என்ன சொல்லி உங்களைக் கூப்பிட்டவர்?" என்று நான் நக்கலாகக் கேட்டிருக்கிறேன். "கிழவன் கையை நீட்டினவன், பிள்ளை. அவ்வளவுதான்" என்பார்.

இப்போது மாதா கோயிலில் இறை அழைத்தலைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அழைக்கப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை யாரும் விசாரிப்பதில்லை. அந்த நோயாளிகள் மருந்தெடுத்துச் சுகமானவர்கள், தொற்றாது என்று டொக்டரே சொல்லியிருந்தும் எங்கள் ஒழுங்கை வீடுகளில் எவரும் நம்பவில்லை. பொதுக் குழாயடியில் அக்காவைக் கண்டால் மற்றப் பெண்கள் வாளிகளைத் தள்ளி வைப்பார்கள். அக்கா அத்தானுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தனியாக வெந்நீரில் அவித்துத் துவைப்பாள்; துவைக்கும்போது அழுவாள். பங்குச் சுவாமியார்கூட வீட்டுக்கு வந்து, ஊழியந்தான் வேண்டுமென்றால் பாடகர் குழுவில் சேரச் சொல்லிப் பார்த்தார். "ஓம் சுவாமி" என்று அத்தான் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் புறப்பட்டார். சண்டை பிடிக்கிற மனிதரென்றால் நாங்கள் வென்றிருப்போம். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண்ணில் குறை ஒன்றும் இல்லையாம், வீட்டைத்தான் யோசிக்கிறார்களாம். ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள்: அத்தான் அந்தப் போக்குவரத்தை நிறுத்தினால் கலியாணம் வைக்கலாம். அன்று நான் அவரிடம் நேரே கேட்டேன்.

"மூண்டு மாதம், அத்தான். கலியாணம் முடியுமட்டும் நிப்பாட்டுங்கோ. பிறகு நீங்கள் எங்கயும் போங்கோ."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "மூண்டு மாதத்துக்கு நகம் வளராம நிக்குமோ, பிள்ளை?" என்றார்.

சம்பந்தம் முறிந்தது. நான் அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். சாப்பாட்டைக்கூட அக்காதான் போடுவாள். இப்படியே நான்கு மாதங்கள் போயின. ஒரு மழை நாளில் வேலைக்குப் போகும்போது பஸ் மிதிபலகையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கட்டு. முதல் ஞாயிறு விடிந்ததிலிருந்து கட்டிலில் கிடந்து அவர் பட்ட பாட்டையும் எங்களைப் படுத்திய பாட்டையும் சொல்லி முடியாது. அவர்கள் காத்திருப்பார்கள், யாராவது போய்ச் சொல்லுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். தொல்லை தாங்காமல் நான் போனேன்.

விறாந்தையில் ஒன்பது பேர் வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நகம் இளகட்டும் என்று பேசின் தண்ணீரில் கைகளை முன்னதாகவே ஊறவைத்திருந்தார்கள். அத்தானின் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும், "மாத்தயா, எங்கட ஐயா, எங்க, மிஸ்?" என்று ஒருவர் கேட்டார். காலை முறித்துக்கொண்டார், வரமாட்டார் என்றேன். அவர்கள் தங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எப்படி, நோகிறதா, கட்டு எப்போது வெட்டுவார்கள் என்றே கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்கள். நான் திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன்.

"சொல்லிப்போட்டன்" என்றேன் வீட்டுக்கு வந்து. அந்த நான்கு மாதத்தில் அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆருக்கு வெட்டினீர்?"

"நான் சொல்லத்தானே போனனான்!"

"அவ்வளவு தூரம் போய், ஒரு நகமும் வெட்டாம வந்தனீரோ?" என்று கத்தினார். அந்த மனிதர் என்மீது குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். என் கலியாணத்தைக் குழப்பிய ஆள் என்னையே ஏசுகிறார்!

அடுத்த ஞாயிறு அந்த ஆத்திரத்தோடேயே போய் வெட்டினேன். முதலாவதாகக் கையை நீட்டிய கிழவர், "எனக்கு நோகாது மிஸ், நீங்கதான் பாத்து வெட்டோணும்" என்றார். எவ்வளவு பார்த்தும் ஓரிடத்தில் இரத்தம் வந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. நான்தான் துணியால் அழுத்திப் பிடித்தேன். ஷேவ் எடுக்க எனக்குத் துணிவில்லை. நகம் மட்டும் வெட்டினேன். ஐந்து ஞாயிறுகள் அப்படிப் போயின. குழாயடியில் இப்போது என் வாளிக்கும் இடம் இல்லை.

கட்டு வெட்டிய பின் வந்த ஞாயிறு, அத்தான் பொல்லை ஊன்றிக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்வார், சந்தோஷப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"கடவுள் உம்மையும் கூப்பிட்டதெண்டால் வாரும்" என்றார். "என்னில இருக்கிற கோவத்தில வாறதெண்டால் வேண்டாம், வீட்ட போம்."

பஸ் வந்தது. அவர் பொல்லோடு சனத்தை விலக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் நானும் ஏறினேன். கோபம் துளியும் குறையவில்லை.