பன்னிரண்டு பிரம்புக்கு அக்கா சொன்ன விடை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். உறவினர்களிடையே உலவும் ஒரு தவறான பேச்சைத் திருத்தாமல் என்னால் அவரைப் பற்றி வேறெதுவும் எழுத முடியவில்லை.

அக்கா பிறந்தது சாமல்பட்டியில், வாழ்க்கைப்பட்டது தளியில். மாமா காலமானபின் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மனக்கணக்குப் போடும்போதுகூடக் கூடத்துக்கும் கிணற்றுக்குமாக நடப்பார். தளிப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. தேர்வில் தேறினால் கிடைக்கும். தனி வீடு பார்த்துத் தம் உழைப்பில் உண்ண வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கூடை பின்ன அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குக்கு நான் பொறுப்பேற்றேன். முன்பு தேர்வுக்குப் போனவர்களிடம் விசாரித்து, பொருள்களைப் பங்கிடும் கணக்குகளை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று: நான்கு முழப் பிரம்புகள் பன்னிரண்டு உள்ளன. ஒரு கைப்பிடிக்கு மூன்று முழம் வேண்டும். எத்தனை கைப்பிடி செய்யலாம்?

"பன்னண்டு," என்றார் அக்கா.

"மொத்தம் நாப்பத்தெட்டு முழம்க்கா. மூணால வகுத்தா பதினாறு."

"மிச்சமெல்லாம் ஒவ்வொரு முழத் துண்டுடா. மூணை முடிஞ்சு கட்டினா, கூடைய தூக்குறவ கால்மேலயே போட்டுக்குவா."

"பரீட்சையில யாரும் கூடை தூக்கமாட்டாங்க. பதினாறுன்னு சொல்லு."

"படிச்சவன் சொல்ற. சரி."

சேலத்தில் தேர்வு. நான் திறந்திருந்த கதவருகே நின்றேன். தேர்வாளர் அதே கணக்கைக் கேட்டார். அக்கா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பதினாறு," என்றார்.

தேர்வாளர் பன்னிரண்டு பிரம்புகள் கொண்ட கட்டு ஒன்றை அவர் முன் தள்ளினார். "வெட்டிக் காட்டுங்கம்மா."

பன்னிரண்டு கைப்பிடி வெட்டியதும் அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. திரும்பும் ரயிலில் நான் பேச வாயெடுத்தபோது, "சும்மா வாடா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சித்தப்பா, "நாப்பது வயசுல பரீட்சையாம். அடுப்படிக் கணக்கே போதும்னு அன்னைக்கே சொன்னேன்," என்றார்.

"எனக்குக் கணக்கு வரல சித்தப்பா," என்றார் அக்கா. நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில்கூட மழை பெய்ததை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

மறு ஆண்டு என்னைத் துணைக்கு அழைக்காமல் போய்த் தேறினார். அடுத்த இடம் காலியாகும் வரை மேலும் ஓராண்டு எங்கள் வீட்டிலேயே காத்திருந்தார். தளியில் தனி வீட்டில் அவர் வாழ்ந்தது மூன்றே ஆண்டுகள். ஐந்தாக இருந்திருக்கும்.

கடைசிக் காய்ச்சலின்போது வண்டி கட்டி ஓசூர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தாருக்கும், இரவு பகலாக உடனிருந்த சக ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கா முதல் முறை கணக்கில் தவறினார் என்று இனி யாராவது சொன்னால், அந்த விடையைச் சொல்லிக் கொடுத்தவன் தம்பி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.