குதித்திருக்க வேண்டிய நொடி

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கோயமுத்தூரில் இருந்துகொண்டு சொல்வது இன்னும் கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று உண்டு. இந்த லட்சணத்தில் நான் ஒன்பது வருடம் மண் டிராக் பைக் பந்தயங்களுக்கு மைக்கில் வர்ணனை சொன்னவன். கிளட்ச் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டிப் பார்க்காமல் இல்லை. ஒரே ஒருமுறை என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன்னுடைய பயிற்சி வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் மேடு. அதில் ஏறி இறங்கும்போது இரண்டு சக்கரமும் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பியிருந்தால் அதிகம். எனக்கு ஆகாயத்தில் பறப்பதாகப் பட்டது. வண்டியை விட்டுவிட்டுக் குதித்தேன். வண்டி நான் இல்லாமலே அழகாக இறங்கி, நேராக ஓடி, சோளக்காட்டுக்குள் புகுந்து நின்றது. நான்தான் முகம் குப்புற விழுந்து முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டேன். மச்சான் ஓடி வந்து முதலில் என்னைத் தூக்கி நிறுத்தினார். எலும்பு ஒன்றும் போகவில்லை என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். "குதிக்கோணும்னு தோணுனது சரிதானுங்க மாப்ள. ஆனா வண்டி பத்திரமா எறங்கறப்ப நீங்க எதுக்கு எறங்குனீங்க?"

மச்சான் ஊருக்குள்ளேயே கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஆறு நாளும் மோட்டார் பம்பு சாமான் கடைவார். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாற்பது தாண்டியும் ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறையிலும் சரி, டிராக்கிலும் சரி, அளந்து பார்க்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து, நான் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தபோது, எனக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படப்போகாத ஒரு பாடத்தை நடத்தினார். இன்றும் அதை வரிக்கு வரி ஒப்பிப்பேன். "பின்சக்கரம் கீழ தொங்குச்சுன்னா கெட்டியா புடிச்சுக்கங்க, அது எறங்கிரும். முன்சக்கரம் கீழ போயி மூக்கு குத்துச்சுன்னா ஆக்சிலேட்டரத் திருகிப் பாருங்க, நிமிரும். நிமிரலையா, ரோசம் பாக்காம வண்டியத் தள்ளி உட்டுப்போட்டுச் சைடுல குதிச்சறோணும். யோசிக்கறதெல்லாம் மேல இருக்கறப்பவே முடிச்சறோணுமுங்க மாப்ள. மண்ணு கிட்ட வந்தப்பறம் யோசன கெடையாது." நான் பல்லைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். ரோசம் என்ற சொல்லை அவர் ஏன் அங்கே போட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் எடுத்தவனும் பெண்ணின் அண்ணனும் நாலு பேர் மத்தியில் ஒருவரையொருவர் வாரிவிடவில்லை என்றால், இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ சண்டை என்று ஊரே முடிவு கட்டிவிடும். எங்களைப் பற்றி அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. கல்யாணத்தன்று என் தலைமுடியை எண்ணிவிடலாம் என்று பந்தலில் சொன்னவர் அவர். அதற்குப் பதிலை நான் பதினான்கு வருடம் வட்டியோடு கொடுத்துக்கொண்டிருந்தேன். பந்தய மைக் கையில் கிடைத்ததும் அவருக்குப் பதில் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. அவர் டிராக்கில், நான் மேடையில், குழாய் ஸ்பீக்கர் எட்டுத் திசையிலும். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். "மச்சான் வாராருங்க!" என்றாலே போதும், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. சிரிப்பு முதலில் வந்துவிட்டால், அதற்கு ஏற்ற பேச்சு எதுவானாலும் வாயில் வந்து நிற்கும்.

கிணத்துக்கடவுக்கு அந்தப்பக்கம் ஒரு தரிசு நிலம். ஜேசிபி வைத்து மேடு போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மாசி மாத வெயில். முதல் சுற்றில், எல்லாவற்றிலும் உயரமான மூன்றாவது மேட்டில் மச்சானின் வண்டி மூக்கு குத்தியது. அவர் பாடத்தில் சொன்னது அத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. என்ஜின் ஒருமுறை அலறியது, மூக்கு நிமிரவில்லை, வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளினார், பக்கவாட்டில் விழுந்து இரண்டு முறை உருண்டார், எழுந்து மண்ணைத் தட்டினார். வண்டி கரணம் அடித்து ஹேண்டில்பார் வளைந்து கிடந்தது. அவ்வளவு சுத்தமான ஒரு தப்பித்தலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கைதட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னது இது: "மச்சான் எறங்கிட்டாருங்க! காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுன்னு நெனச்சுட்டாராட்டம் இருக்குது! கண்டக்டரு, விசில் அடிச்சுப் போடுங்க!" சிரிப்பு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். "அவங்க குடும்பத்துல எதையும் கெட்டியாப் புடிச்சுப் பழக்கமில்லீங்க! தங்கச்சியவே எங்கிட்ட உட்டுப்போட்டாங்க, வண்டிய உடறதா பெருசு?" நிலமே அதிர்ந்தது. மோர்ப் பந்தலில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேடைப் பக்கம் திரும்பி ஒரு கையைத் தூக்கினார். சும்மா கையாட்டினாரா, போதும் என்றாரா, அடிபட்ட தோளை அசைத்துப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் கூடாரத்துக்குப் போனார். அங்கே அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கூடாரத்துக் கம்பத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று. அதே மூன்றாவது மேடு. அதே மாதிரி மூக்கு குத்தியது. நான் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தேன். "இந்தத் தடவ மச்சான் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துட்டாருங்க, அங்கதான் எறங்..." என்ஜின் அலறியது. அலறிக்கொண்டே இருந்தது. அவர் மேலே இருந்த நேரத்தை நான் பல வருடமாக எண்ணிப் பார்க்கிறேன். உண்மையில் அது இரண்டு நொடிகூட இருக்காது. எனக்கு மட்டும் அதில் குதிக்கப் போதுமான இடம் தெரிகிறது. அவர் குதிக்கவில்லை. கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. வண்டி மூக்கால் மண்ணில் இறங்கி, அவர் மேலேயே கவிழ்ந்தது. சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை என்பதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் நிறுத்தினார்கள். தூரத்தில், பார்க்க முடியாத இடத்தில் இருந்தவர்கள், நான் வாக்கியத்தை முடிப்பேன் என்று இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் திறக்கவில்லை. காரியங்கள் முடிந்த பிறகும் குடும்பத்தில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. என் மனைவி நேரம் சரியில்லை என்றாள். மாமனார் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நானோ, ஓட்டத் தெரியாதவன், ஓட்டத் தெரிந்தவர்களிடமெல்லாம் போய் நின்றேன். ஒரு மெக்கானிக் சொன்னார், "கடைசி வரைக்கும் ஆக்சிலேட்டரத் திருகிட்டே இருந்தாருங்க, மூக்கு நிமிரும்னு நம்பியிருப்பாரு. புடிச்சது தப்பில்லீங்க." பழைய ஓட்டுநர் ஒருவர் தலையை ஆட்டி, "அந்த மாதிரி குத்துச்சுன்னா அவரு எப்பவும் உட்டுருவாருங்க. அன்னைக்கு ஏனோ உடலை" என்றார். முதல் பதிலை வைத்துக்கொண்டு சில மாதம் ஓட்டுவேன். இரண்டாவது பதில் ஏதாவது ஒரு பஸ்ஸில், கண்டக்டர் விசில் அடிக்கும்போது, பின்னாலிருந்து வந்து தோளைத் தொடும்.

நான் வர்ணனையை விட்டேன். கல்யாண வீடுகளில் பேசுவதை மட்டும் விடவில்லை. மனிதர்கள் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். நான் பேசாமல் நின்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, இல்லையா. ஹெல்மெட்டும் என்ஜின் சத்தமும் இருந்தன என்று ஒரு கணக்கு. வண்டி அப்போது அணைந்துதான் கிடந்தது, கூட்டமே சிரித்தது, கம்பத்தில் ஸ்பீக்கர் இருந்தது என்று இன்னொரு கணக்கு. அந்த ஒரு மணி நேரமும் அவர் பக்கத்தில் இருந்தது அக்கா ஒருவர்தான். அவரிடம் கேட்கப் பன்னிரண்டு வருடம் எனக்கு வாய் வரவில்லை.

போன தை மாதம் என் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கணபதிக்குப் போனேன். பட்டறையை இப்போது அக்காதான் நடத்துகிறார். காலை பதினோரு மணி. மூக்குக் கண்ணாடியோடு லேத்தின் முன்னால் நின்று பம்புக்கான புஷ் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, கையெல்லாம் ஆயிலுங்க, பத்திரிகைய அந்த மேசை மேல வைங்க. பொண்ணு எப்படி இருக்குது?" என்றார். சொன்னேன். டீ வந்தது. குடித்தேன். எழுந்து வாசல் வரை போய்விட்டேன். அங்கிருந்து திரும்பி, ஒரு பந்தயத்துக்குப் பேர் கொடுப்பவனைப் போல அவசரமாகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு மைக்குல நான் சொன்னது மச்சானுக்குக் கேட்டுதுங்களா?"

அவர் லேத்தை நிறுத்தினார். அது சுற்றி நிற்கச் சிறிது நேரம் பிடித்தது. எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை.

"டெண்டுக்கு வந்து ஹெல்மெட்டக் கழட்டித் தண்ணி குடிச்சாரு. ஹேண்டில்பார நிமித்துனாரு. மறுக்காப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டுத்தான் போனாரு," என்றார்.

"என்னங்க சொன்னாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். குரலில் கோபம் இல்லை. எப்போதும் பேசுகிற மரியாதையோடுதான் பேசினார்.

"அது என்ற புருசன் எங்கிட்டப் பேசுன கடசிப் பேச்சுங்க தம்பி. உங்களுக்குச் சொன்னா நீங்க அதையும் நாலு பேருகிட்டக் கதையாச் சொல்லிப் போடுவீங்க. சொல்ல மாட்டனுங்க."