விருந்தாளிக்காகப் பரப்பிய வண்டல்

அப்போது நான் திருவள்ளூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி பக்கம் போய்வந்துகொண்டிருந்தேன். விவசாயப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் வசவு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, வெளிநாட்டு உதவியோடு நடந்த மண் ஆய்வுத் திட்டம் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. உப்பங்கழியை ஒட்டிய வயல்களில் வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. மண்ணைச் சோதித்து, உப்பு அதிகமுள்ள வயல்களுக்கு மட்டும் உப்பைத் தாங்கும் நெல் விதை கொடுப்பார்கள். அதற்காக வந்திருந்த விஞ்ஞானியின் ஊரில் கடலுக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கு போடுவார்களாம். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதும், மண் எடுத்துப் பையில் கட்டுவதும் என் பொறுப்பு.

திட்டப் பட்டியலில் இருந்த விவசாயிகளில் ஒருவரை அண்ணே என்று கூப்பிடுவேன். ஒன்றரை ஏக்கர்க்காரர். இரண்டு சம்பா தொடர்ந்து கைவிட்டிருந்தது. முதல்நாளே சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் வெளையலன்னா கயினிய கம்பெனிக்காரனுக்குக் குடுத்துட்டு, அவன் கேட்டுலயே வாட்ச்மேனா நிக்க வேண்டிதாம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய பங்காளி ஒருவர் ஏற்கெனவே அப்படி நின்றுகொண்டிருந்தார்.

மண் எடுப்பதற்கு முன் விவசாயியை நேரில் பார்த்து, வயலில் எருவோ வேறு மண்ணோ கொட்டாதீர்கள், இருக்கிறபடியே விடுங்கள் என்று சொல்லியாக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அதை அண்ணனிடம் சொல்ல நான் கிளம்பியது ஆடி ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, பழியை அம்மன் மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். சாயங்காலம் அவர் ஊர் டீக்கடைக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி மண் பார்க்க வருகிறார், அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்ல வேண்டிய மற்றதைச் சொல்லவில்லை. நேரில் போய்ச் சொன்னதாக நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். விஞ்ஞானி கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்கப் போக, நானும் அண்ணனும் வயலில் இறங்கினோம். வயல் முழுக்க வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் மண் எடுக்க வேண்டும். அண்ணன் மண்வெட்டியை என்னிடம் கொடுக்கவே இல்லை. பாதையை ஒட்டிய மேல் பங்கிலேயே அவர் வெட்ட வெட்ட, நான் அள்ளிக்கொண்டேன். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்காமல் வேலை முடிகிறதே என்று சந்தோஷப்பட்டதை மறைப்பானேன்? மண் கருகருவென்று இருந்தது. அந்தப் பக்கத்து மண் அப்படி இருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பையைக் கட்டி முடித்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"ஏரி வண்டலும்மா. நேத்து ரெண்டு டிராக்டர் அடிச்சிக் கொட்டி, நானும் ஊட்டுக்காரியும் பரப்பிக்கினே இருந்தோம். அவ்ளோ தூரத்துலேர்ந்து வராரு. வெளுத்துப்போன மண்ணையா அவருக்குக் காட்றது?"

வீட்டுக்கு ஆள் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே தள்ளுவதில்லையா, அதைத்தான் அவர் வயலில் செய்திருந்தார். பையை அங்கேயே அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கீழ்ப் பங்கில் புதிதாக எடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் ஏன் என்று விஞ்ஞானி கேட்பார். நான் நேரில் வராதது வெளியே வரும். அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டு, பையை ஜீப்பில் ஏற்றினேன். பையில் நான் எழுதியிருந்த கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதாக விஞ்ஞானி பாராட்டினார்.

முடிவு வந்தது. அவர் மண்ணில் உப்பு இல்லை, விதை தேவையில்லை. பக்கத்து வயல்காரர்கள் எல்லோருக்கும் புது விதை மூட்டை வந்தது. "நம்ம மண்ணு பாஸாயிடுச்சி," என்று அண்ணன் டீக்கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதையும் குடித்தேன். அவர் வழக்கமான பொன்னியையே விதைத்தார்.

அந்த வருஷம் மழை பின்தங்கியதால் மண்ணில் உப்பு இன்னும் ஏறியிருந்தது. மார்கழியில் போய்ப் பார்த்தேன். பக்கத்து வயல்களில் பயிர் சுமாராகவாவது நின்றது. அண்ணனுடைய வயலில் வண்டல் பரப்பிய மேல் பங்கு மட்டும் பச்சையாக இருக்க, மற்றதெல்லாம் நுனி கருகிப் படுத்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று பஸ் ஏறியிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ தப்பா நெனச்சிக்காதம்மா. வண்டலு பட்ட எடம் வெளைஞ்சிக்கினுதான் கீது. மத்த எடத்த நான்தான் சரியா பாத்துக்கல. அந்த சாருகிட்ட இத சொல்லிடாத. நல்ல மண்ணுன்னு எழுதிக் குடுத்த மனுசன், மனசு சங்கடப்படுவாரு. தையில கம்பெனிக்காரன் வரான், பேசி முடிச்சிட்டேன்."

சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருக்கக்கூட மாட்டார். அந்த மனுஷன் பேசாமல் என்னைப் பார்ப்பார் என்பதுதான் பயமாக இருந்தது.

"சொல்ல மாட்டேண்ணே," என்றேன்.

அந்தத் திட்டத்தில் நான் பிசகாமல் செய்த ஒரே காரியம் அதுதான். விஞ்ஞானி ஊருக்குக் கிளம்பும்வரை அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.