கொடியைத் தூக்கியவள்

என் அக்கா வாரத்தில் ஐந்து நாள் ஊசி குத்துவாள், சனிக்கிழமைகளில் விசில் ஊதுவாள். இரண்டிலும் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் குழந்தைகள் அலறும். பெண்கள் கல்லூரிகளின் கால்பந்துப் போட்டியில் அவளுடைய கறுப்புச் சட்டையைப் பார்த்ததும் வளர்ந்த பெண்கள் முணுமுணுப்பார்கள். "உன்னைப் பார்த்து யாராவது சிரிக்கிற மாதிரி ஒரு வேலை பார்க்கக் கூடாதாக்கா?" என்று கேட்பேன். "நடுவரைப் பார்த்து ஒரு டீம் மட்டும் சிரிச்சா, அங்க ஏதோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்" என்பாள்.

கால்பந்து எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் வருத்தப்படக் கூடாது. எனக்குப் பிடித்தது அக்காவை மட்டும்தான். அவளோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்பாள். ஊசி போடும்போது எந்தக் குழந்தையிடமும் வலிக்காது என்று சொன்னதில்லை. "வலிக்கும். பத்து எண்ணு, முடிஞ்சிடும்" என்பாள். கல்யாணம் வேண்டாம் என்றதையும் இப்படித்தான் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா அந்த இரண்டு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி கொடியக்கா. மைதானத்தில் அவர்கள் இருவருக்கும் வைத்த பெயர் விசில், கொடி. அக்கா நடுவர், கொடியக்கா கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவர். பதினோரு வருஷம் ஒரே ஸ்கூட்டரில் போய் வந்தார்கள். கொடியக்கா ஓட்டுவாள், அக்கா பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போவாள். இடைவேளையில் ஒரு பாட்டில் தண்ணீரை இருவரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைவிட அதிக நாள் அங்கே உட்கார்ந்திருந்தவள் கொடியக்காதான். அதனால்தான் நடந்ததைச் சொல்லும்போது இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருஷம் அரையிறுதி ஆட்டம். முடிய பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது, ஒரு கல்லூரியின் ஒன்பதாம் எண் பெண் பெனால்டி கட்டத்துக்குள் விழுந்தாள். பெனால்டி வேண்டும் என்று கத்தினாள். அக்கா தரவில்லை. தடுப்பாட்டக்காரி பந்தை நடு மைதானத்துக்கு உதைத்துவிட்டாள். அக்கா பந்தைப் பார்த்துத் திரும்பி ஓடத் தொடங்கினாள். பின்னாலிருந்து யாரோ தாடையில் ஓங்கிக் குத்தினார்கள். அக்கா குப்புற விழுந்தாள். கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் ஐந்து பெண்கள் நின்றார்கள், ஐந்து பேருமே அந்தக் கல்லூரிச் சட்டை. போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போனைப் பந்தின் பக்கம் திருப்பியிருந்தார்கள். எதிர்க் கோட்டில் நின்ற இன்னொரு துணை நடுவருக்கு அது வெகு தூரம்.

கொடியக்காவின் கொடி உயர்ந்திருந்தது. அக்கா வாயில் ரத்தத்தோடு அவளிடம் நடந்து போனாள்.

"யாருடி?"

"ஒன்பது. கையை மடக்கி, வேணும்னே குத்தினா. நான் பார்த்தேன்."

அக்கா திரும்பி வந்து ஒன்பதுக்குச் சிவப்பு அட்டை காட்டினாள். மீதி ஆட்டத்தையும் நடத்தி முடித்தாள், அந்தக் கல்லூரியே ஜெயித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, ஆடிக்கொண்டிருந்த பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினாள்.

நான் பக்கத்தில் நின்று படித்தேன். 'என்னை அடித்தவரை நான் பார்க்கவில்லை. துணை நடுவர் பார்த்து என்னிடம் சொன்னார். அதன் பேரில் ஒன்பதாம் எண்ணை வெளியேற்றினேன்.'

"பார்த்தேன்னு எழுதிடேன்க்கா. அடி வாங்கினது நீ. யார் கேக்கப் போறாங்க?"

"பார்க்கலையே. பார்க்காததை எப்படி எழுதுறது? அதான் அவ பார்த்திருக்காளே, போதாதா?"

போதாதா என்று அவள் கேட்டபோது எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. உலகத்திலேயே அக்கா கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒருத்தியைத்தான்.

நடுவரை அடித்தால் விதிப்படி ஒரு வருஷம் ஆடத் தடை. அந்தக் கல்லூரி சும்மா விடவில்லை. நடுவர் பார்க்காமலே அட்டை காட்டிவிட்டார், அட்டையை ரத்து செய்ய வேண்டும், ஒன்பது இறுதி ஆட்டத்தில் ஆட வேண்டும் என்று மேல்முறையீடு செய்தது. ரத்தானால் அந்தப் பெண் ஆடுவாள். அது பரவாயில்லை. ஆனால் ஊகத்தில் அட்டை காட்டியவள் என்று அக்காவின் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷத்துச் சனிக்கிழமைகள் போய்விடும். "கொடி வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது" என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். அந்த வாரம் கொடியக்கா இரண்டு தடவை போனை எடுக்கவில்லை. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கிற அலைச்சல் என்று நாங்களே அவளுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தோம். எந்தக் கல்லூரி என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விசாரணை கால்பந்துச் சங்க அலுவலகத்தின் மாடியறையில் நடந்தது. நீள மேசை, ஒரு பக்கம் கால் குட்டையான நாற்காலிகள், சுவரோரம் அடுக்கிய கோப்பைகள். அக்காவுக்குத் தாடை வீங்கிப் பேச்சு சரியாக வராததால் துணைக்கு என்னை அனுமதித்தார்கள். நடுவில் சங்கத்தின் தலைவர் அம்மா, கண்டிப்பான முகம். எதிரே அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர், பக்கத்தில் ஒன்பது. மைதானத்தில் ஆளை அடித்த பெண் என்றதும் நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். ஒல்லியாக, நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொடியக்கா எங்கள் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தும் வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். தலைவர் அம்மா அவளுடைய அறிக்கையைப் படிக்கச் சொன்னார். கொடியக்கா எழுந்து நின்று, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் படித்தாள்.

'சம்பவம் நடந்த நேரத்தில் என் பார்வை கடைசித் தடுப்பாட்டக்காரியின் மீது இருந்தது. ஆஃப்சைடுக்காகக் கொடி தூக்கினேன். நடுவர் வந்து யார் என்று கேட்டார். ஒன்பதாம் எண் அருகில் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். அடித்ததை நான் பார்க்கவில்லை.'

வாய் கூசாமல் படித்தாள். கூசியதோ என்னவோ, குரலில் தெரியவில்லை. துணை நடுவருக்கு இதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. எதிர் அணியில் யாராவது தாண்டி முன்னால் நிற்கிறார்களா என்று கடைசித் தடுப்பாட்டக்காரியைப் பார்ப்பதுதான் அவள் வேலை. வேலையைச் செய்துகொண்டிருந்தேன் என்பவளை யார் என்ன கேட்க முடியும்? நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கொடியக்காவைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த தன் அறிக்கையை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள், தான்தான் எதையோ தப்பாக எழுதிவிட்ட மாதிரி. அந்த அறையில் நான் கத்தாமல் இருந்தது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பயிற்சியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்கக் கூடாது. இவங்களுக்கும் வயசாகுது. ஓட முடியலை. கால் தடுக்கித் தானா விழுந்திருக்காங்க. விழுந்ததுல தாடையில அடி. எழுந்ததும் யார்மேலயாவது பழி போடணும், பக்கத்துல நின்ன பொண்ணு மேல போட்டுட்டாங்க."

அக்கா எழுந்தாள். "நான் தானா விழலை" என்றாள். வீங்கிய வாயில் அது பாதிதான் புரிந்தது. தலைவர் அம்மா என்ன என்று கேட்டார். அக்கா மறுபடி சொன்னாள். அதுவும் புரியவில்லை. பயிற்சியாளர் லேசாகச் சிரித்தார்.

"நான்தான் அடிச்சேன்."

சொன்னது ஒன்பது. பயிற்சியாளர் அவள் கையைப் பிடித்து அமுக்கினார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"பேசாம இருன்னு சொன்னீங்க, இருந்தேன் சார். அடிக்கலைன்னு நீங்களா சொல்லிக்கிட்டீங்க, அதுக்கும் இருந்தேன். தானா விழுந்தாங்கன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியலை." பிறகு வாசல் பக்கம் கை காட்டினாள். "அந்த அக்கா பார்த்தாங்க. நான் அடிச்சிட்டுத் திரும்பினா, நேரா என்னைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்பதான் கொடியைத் தூக்கினாங்க."

கொடியக்கா தாளை நாலாக மடித்தாள்.

அதற்குப் பிறகு தலைவர் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் மறைத்ததற்கும் சேர்த்து இரண்டு வருஷம் போட வேண்டும் என்றார். அக்கா ஒரு தாளை வாங்கி எழுதி நீட்டினாள். அதை அவர் உரக்கப் படித்தார். 'விதியில் ஒரு வருஷம். அதைக் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீடியோவில் மறுபடி பார்த்தேன், அந்தப் பெனால்டி நான் கொடுத்திருக்க வேண்டியது. ஆனால் அதற்காக அடிக்கக் கூடாது.' ஒன்பது அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் என்று முடிவானது.

கொடியக்கா விஷயத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை எழுதினார்கள். அவ்வளவுதான். துணை நடுவர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்றார்கள்.

படிக்கட்டில் அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் பொண்ணுக்கு அந்தக் காலேஜ்லதான் இடம் சொல்லியிருக்காங்க" என்றாள் கொடியக்கா. "ஸ்போர்ட்ஸ் கோட்டா லிஸ்ட் அந்த சார் கையிலதான் இருக்கு. திங்கட்கிழமை போடறாங்க. நான் என்ன பண்ணுவேன்? உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

அக்கா மெதுவாக, புரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அப்ப கொடியை ஏன்டி தூக்கின?"

கொடியக்கா தன் வலது கையையே பார்த்தாள். "தெரியலை. கை தானா போயிடுச்சு."

அக்கா தலையசைத்தாள். அன்றைக்கு இருவரும் வேறு வேறு வண்டியில் வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, வீடு வரும்வரை அக்கா அழுதாள். அம்மா போனபோதுகூட அவள் என்முன் அழவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். பல் ஒன்று போனது, புதிதாகக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் ஊதப் போனாள். கொடியக்காவோடு போடும் ஆட்டங்களை மட்டும் வேண்டாம் என்றாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை, அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன், போகிற வருகிறவர்களிடமெல்லாம். அதற்கும் அக்கா என்னைத் திட்டினாள். கொடியக்காவின் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. அக்கா சந்தோஷப்படவில்லை. "அந்தப் பிள்ளை என்ன பண்ணிச்சு?" என்றாள்.

போன வாரம், புது வருஷத்து ஆட்டங்களுக்கு யார் யார் நடுவர் என்று போடும் செயலாளர் போன் செய்தார். அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்ததால் போனைச் சத்தமாக வைத்திருந்தாள், எனக்கும் கேட்டது. முதல் சனிக்கிழமை அவளையும் கொடியக்காவையும் சேர்த்துப் போடுகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். அவர் நல்ல மனுஷர், சேர்த்து வைக்கிற எண்ணத்தில்தான் பேசினார்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா? வருஷம் ஒண்ணாச்சு. உன் பல்லை உடைச்ச பொண்ணுக்கே தண்டனை முடிஞ்சு, அடுத்த வாரம் ஆட வர்றா."

அக்கா மடித்துக்கொண்டிருந்த கறுப்புச் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு ஒரு வருஷம்னு சொன்னீங்க சார், முடிஞ்சுது. இவளுக்கு எத்தனைன்னு நீங்க யாருமே சொல்லலையே. எனக்கு எப்ப முடியும்?"

அவர், சரி, வேறு எந்த ஆட்டம் போடட்டும் என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஆட வர்ற ஆட்டத்தைக் குடுங்க" என்றாள் அக்கா. "அவளோட நிக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லை."