இடமிருந்து வலமாக நூறு வட்டங்கள்

போன வாரம் என் மகள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பொது அறிவு, பகுத்தறியும் திறன், எல்லாம் அந்த உள்ளங்கை அளவுத் திரையில். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று "அய்யோ, தப்பா அமுக்கிட்டேன்" என்றாள். கத்தி அப்படியே நின்றுவிட்டது. அவளோ ஒரு தட்டுத் தட்டி அதை அழித்துவிட்டு வேறு விடையைத் தொட்டாள். "என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி பாக்குற?" என்று கேட்டாள். வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் காலத்தில் அழிக்க முடியாது. விடைத்தாளில் கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பினால் நிரப்பியதுதான். அந்தப் பேனாவை நினைத்தாலே எனக்கு இன்னொரு வாசனையும் சேர்ந்து வந்துவிடும். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் தாளின் வாசனை. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி ஆபீசில் வருகைப் பதிவு அடிக்கிற வேலை எனக்கு. மேனேஜர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த மெஷினை நான் என் சொந்த அச்சகமாக்கிக்கொள்வேன். திருட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை.

அச்சடித்தது லூர்துமேரிக்காக. லூர்து கீழே செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைகளில் நூல் பிசிறு பார்ப்பாள். சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிவிடும். அரசாங்க குமாஸ்தா வேலை கிடைத்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பாள். அவள் சொன்னது நாற்காலியை. இரண்டு தடவை தேர்வு எழுதி, இரண்டு தடவையும் நேரம் பத்தாமல் கோட்டைவிட்டவள். வயது வரம்பு அந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது. "இந்த ஒரு தடவதான்டி. அப்புறம் கேட்டுல கூட விடமாட்டான்" என்பாள் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வராது. துணைக்கு நானும் விண்ணப்பம் போட்டேன். எனக்கு அது முதல் தடவை.

சந்தாபுராவிலிருந்து இரண்டு பேரும் கம்பெனிக்கு பஸ்ஸில் வரும்போதே படிப்பு தொடங்கிவிடும். திசைக் கணக்கென்றால் லூர்துவுக்கு பஸ்தான் வரைபடம். "நாம வடக்க போறோம்னு வெச்சுக்கோ, இந்த ஜன்னல் மேற்கு" என்று தொடங்கினால் பக்கத்து சீட் ஆளும் விடை சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஒரு பெண்மணியின் அண்ணனுடைய மாமியாரின் ஒரே மகள் அவளுக்கு என்ன வேணும் என்று நாங்கள் உரக்கச் சண்டை போட்டதில், ஒரு பாட்டியம்மா நிஜமாகவே எங்கள் வீட்டில் சொத்துத் தகராறு என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டார்.

விடை தெரியாமல் லூர்து தோற்கவில்லை. வட்டம் நிரப்பும் நேரத்தில்தான் தோற்றாள். அதனால் நாங்களே ஒரு பயிற்சி கண்டுபிடித்தோம். கண் கேள்வித்தாளை விட்டு நகரக்கூடாது. கை தானாக அடுத்த இடத்துக்குப் போய் நிரப்ப வேண்டும். இரண்டாவது விதி, என்ன சத்தம் கேட்டாலும் தலை நிமிரக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மாடியில் அவள் எழுதுவாள். நான் டிபன் மூடியைத் தட்டுவேன், இருமுவேன், டம்ளரை உருட்டுவேன். முதலில் திடுக்கிடுவாள். நாலு மாதத்தில் காதுப்பக்கத்தில் மூடியைப் போட்டாலும் அசையமாட்டாள். கை மட்டும் தறி மாதிரி ஓடும்.

பயிற்சிக்கான விடைத்தாளைத் தயாரித்தவள் நான். நாலு பத்தி, நூறு கேள்வி. எண்களை இடமிருந்து வலமாகப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, பிறகு அடுத்த வரி. முதல் தாளைப் பார்த்ததுமே லூர்து சொன்னாள்.

"நெஜத்துல மேலருந்து கீழ போகும்டி. ஒண்ணுக்குப் பக்கத்துல இருவத்தாறு இருக்கும்."

"அங்க நம்பர் போட்டிருப்பான்ல, பாத்துக்கலாம். இருநூறு காப்பி எடுத்துட்டேன்."

அவ்வளவுதான் பேசினோம். இன்னொரு முறை மெஷின் பக்கம் போகச் சோம்பல் எனக்கு.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறை. முதல் கேள்விக்கு நிரப்பிவிட்டு இரண்டாவதற்குப் பேனா தானாக வலப்பக்கம் போனது. நான் மந்தம், எப்போதும் எண்ணைப் பார்த்துத்தான் வைப்பேன். இருபத்தாறு என்று இருந்தது. கை நின்றது. அடுத்த நொடியே லூர்துவின் கை ஞாபகம் வந்தது. எண்ணைப் பார்க்காத அந்தக் கை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

இருபது நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு டாய்லெட் என்று எழுந்தேன். "பேக பாம்மா" என்றார் கண்காணிப்பாளர் அம்மா கன்னடத்தில். சீக்கிரம் வரணுமாம். ஒரு பெண் போலீசும் கூடவே வந்தார். வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டாவது பெஞ்சில் லூர்து. தலை குனிந்திருந்தது. கை இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கேள்வியின் நாலு வட்டங்களும் பக்கவாட்டில்தானே இருக்கின்றன, அதனால் கூட இருக்கலாம், கடவுளே அதனாலாக இருக்கட்டும். வாயைத் திறந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இருமினேன். மூன்று தடவை இருமினேன். தண்ணீர் டிரம் மேல் இருந்த ஸ்டீல் டம்ளரைக் கைதவறினது போலத் தள்ளிவிட்டேன். வராந்தாவே அதிர்ந்தது. அந்த அறையில் அத்தனை தலையும் திரும்பியது, ஒரு தலையைத் தவிர.

வெளியே வந்ததும், "எப்படிடி?" என்றேன். "எல்லாம் நெரப்பிட்டேன். வா, பஸ் வந்துரும்" என்றாள். அந்த பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை.

தேர்ச்சிப் பட்டியலில் என் எண் இருந்தது. அவள் எண் இல்லை. இனிப்பு வாங்கி செக்கிங் பிரிவு முழுக்கக் கொடுத்தவள் அவள்தான். கம்பெனியில் என் கடைசி நாளன்று மாடிக்குப் போனேன். எங்கள் இடத்தில் செக்கிங் பெண்கள் இரண்டு பேர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். லூர்து தந்த மிச்சத் தாள்கள். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் நான் அடித்த நூறு எண்களையும் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மேலிருந்து கீழாகப் புதிதாக எழுதியிருந்தாள். நாற்பது தாளாவது இருக்கும்.

கீழே ஓடினேன். "ஏன்டி சொல்லல?"

கையிலிருந்த சட்டையை அவள் கீழே வைக்கவில்லை. "நாப்பதாவது கேள்வில தண்ணி குடிக்கறப்போதான் நம்பரப் பாத்தேன். வேற ஷீட் கேட்டேன், ஹால்ல இருந்த சார் 'கொடல்லா', தரமாட்டேன்னுட்டாரு. ஒங்கிட்ட சொன்னா நீ வேலைக்குப் போயிருப்பியா? இங்கயே ஒக்காந்து அழுதுட்டிருப்ப."

"நான் வந்தேன்டி. டம்ளரத் தள்ளிவிட்டேன்."

"கேட்டுச்சே. இருமல் கேட்டப்பவே நீதான்னு தெரியும்" என்றாள். "எனக்கு தைரியம் சொல்ற, நம்ம மாடில பண்ற மாதிரின்னு நெனச்சேன். அதான் இன்னும் நல்லா குனிஞ்சிக்கிட்டேன்."

இப்போது பேனாவும் தாளும் போய், அந்தத் தேர்வெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பஸ்ஸில் யாரும் உரக்கக் கேள்வி கேட்பதில்லை. எல்லார் காதிலும் ஏதோ சொருகியிருக்கிறது. லூர்து இப்போது ஆனேக்கலில் இருக்கிறாள். கால் வீக்கம் மட்டும் போகவில்லை.

போன வாரம் அந்த வெங்காயத்தை வதக்கிவிட்டு லூர்துவுக்கு போன் செய்தேன். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், இப்போ ஷீட்டெல்லாம் கிடையாதாம், திரையிலேயே தொட்டால் போதுமாம் என்றேன்.

"தப்பாத் தொட்டுட்டா?" என்று கேட்டாள்.

"அழிச்சுட்டு மாத்திக்கலாம். எத்தன தடவ வேணும்னாலும்."

"அப்படியா" என்றாள். பிறகு குக்கர் விசில் வருகிறது என்று போனை வைத்துவிட்டாள். விசில் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.