பூட்டிய கேட்டுக்குள் பில் கலெக்டர்

ஞானசௌந்தரிக்குப் பயம் கூடப் பிறந்தது. நாய் என்றால் பயம், மேலதிகாரி என்றால் பயம், யாராவது குரலை உயர்த்தினாலும் பயம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ வீடு வீடாகப் போய்ச் சொத்து வரி கேட்கும் பில் கலெக்டர் வேலை. தாம்பரத்துக்கு மேற்கே, ஏரியை ஒட்டி முளைத்த நகர்களில் பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சித்திரை வெயிலில் செல்லியம்மன் நகருக்குப் போனபோது, தெரு வழக்கம்போல இல்லை. வாசல்களில் கூடி நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கடைசி வீட்டு லோகநாதன், "உள்ள வாம்மா" என்று கேட்டைத் திறந்துவிட்டான். காம்பவுண்டுக்குள் கால் வைத்தாளோ இல்லையோ, பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

சாவியை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேட்டுக்கு வெளியே ஒவ்வொருவராக ஆட்கள் சேர்ந்தார்கள்.

"அண்ணா, எதுக்குப் பூட்டறீங்க?"

"வரிதானே வோணும்? தரேன். மொதல்ல இத்தைக் குடி."

அவன் நீட்டிய டம்ளரில் போர்வெல் தண்ணீர். மங்கிய மஞ்சள் நிறம், மேலே எண்ணெய் போல ஒரு படலம். சாக்கடை வாடை மூக்கில் ஏறியது.

"எம்பொண்ணு ஓவியா மஞ்சக்காமாலைல ஆஸ்பத்திரில கெடக்குறா. இந்தத் தண்ணியாலதான்னு டாக்டரு சொல்றாரு. ஆபீசுக்கு நடையா நடந்தோம், ஒருத்தன் எட்டிப் பாக்கல. வரிக்கு மட்டும் கரெக்டா வந்துடறீங்க. குடிம்மா!"

டம்ளரை வாங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். தெரிந்த முகங்கள்தான், ஒன்றிலும் இரக்கம் இல்லை. டம்ளரை வாய்வரை கொண்டுபோனாள். குமட்டியது.

"என்னால முடியாதுண்ணா. எனக்குப் பயமா இருக்கு." உடைந்து அழுதுவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டுப் பச்சையம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "டேய் லோகு, வாயில வைக்கவே அதுக்குப் பயமா கீது. நம்ம புள்ளைங்க தெனமும் குடிச்சிகினு கீதுங்க. அது இன்னா பண்ணும் பாவம்? கேட்டைத் தொறடா."

லோகநாதன் பூட்டைத் திறந்தான். பிறகு படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஞானசௌந்தரி போயிருக்கலாம். ஸ்கூட்டர் வெளியேதான் நின்றது. ஆனால் படியில் குலுங்கிய அந்தத் தோள்களைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை. தண்ணீர்ப் பரிசோதனையைக் கவனிக்கும் அதிகாரி சுந்தரராமனுக்குப் போன் போட்டாள்.

"மனு எழுதிக் குடுக்கச் சொல்லும்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."

திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "சார், என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. நீங்க வந்து தண்ணி சாம்பிள் எடுத்தாதான் விடுவாங்களாம்."

போனை வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

சுந்தரராமன் பாட்டில்களோடு வந்தார். பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது.

"கவர்மென்ட் ஸ்டாஃபைப் பூட்டி வெச்சது யாருய்யா?" என்று இறங்கினார் இன்ஸ்பெக்டர்.

லோகநாதன் வெளிறிப்போனான். இவனைக் கொண்டுபோய்விட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணுக்கு யார்? ஞானசௌந்தரிக்குக் காதை அடைத்தது. தன் குரலே எங்கிருந்தோ கேட்பதுபோல இருந்தது.

"யாரும் பூட்டலை சார். நான்தான் பொய் சொன்னேன். அப்படிச் சொல்லலைன்னா சார் இன்னிக்கு வந்திருக்க மாட்டார்."

சுந்தரராமனின் முகம் கறுத்தது. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களை நிரப்பினார்.

தண்ணீரில் மலக்கழிவு கலந்திருப்பதாக முடிவு வந்தது. லேஅவுட் வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கி, புதர் மண்டிக் கிடந்த பின்பக்க மனையில், தனியார் கழிவுநீர் லாரிகள் ரகசியமாகக் கொட்டிவந்தது தெரிந்தது. லாரிகள் நுழைய முடியாதபடி பள்ளம் வெட்டினார்கள். தெருவுக்குக் குடிநீர் லாரி வந்தது. ஓவியா எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வீடு திரும்பினாள்.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக ஞானசௌந்தரி மேல் விசாரணை வைத்தார்கள். வேலை போய்விடுமோ என்று அது முடியும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் எச்சரித்து, வேறு வார்டுக்கு மாற்றினார்கள்.

புதுத் தெருக்களில் வரியைப் பற்றிப் பேசிய கையோடு, "உங்க வீட்ல தண்ணி எப்படி வருது?" என்றும் கேட்க ஆரம்பித்தாள். அவர்கள் பதில் சொல்வதற்குள் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.